820 அண்ணாச்சி

பழுதான டிவிக்குப் புதுப் போர்டு போட மறுத்து, போன ஒற்றைக் கெபாசிட்டரை மட்டும் தேடி அலைபவர் திருத்தங்கலில் தெருவுக்கு ஒருவர் உண்டு. பெரும்பாலும் சிவகாசி அச்சகம் எதிலாவது ஆஃப்செட் மெஷின் ஓட்டி ஓய்ந்தவர். சால்டரிங் அயர்ன் சொந்தமாக வைத்திருப்பார். யாருக்கும் இரவல் தரமாட்டார்.

இவருக்கு அடையாளம் சட்டைப்பையில் இருக்கும் தீப்பெட்டி. உள்ளே குச்சி இருக்காது. கிழித்த காலண்டர் தாளில் பொதிந்த, தலை உப்பிய கெபாசிட்டர் இருக்கும்: 820 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி. டீக்கடையிலும், நின்ற நாராயணப் பெருமாள் கோயில் படியிலும், கல்யாணப் பந்தியில் இலை போட்டுச் சோறு வருவதற்குள்ளும் தீப்பெட்டி திறக்கும். "இந்தா பாருங்க, இது ஒண்ணுதான் போயிருக்கு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு." பார்த்துத் தலையாட்டினால் போதாது, உப்பலை விரலால் தடவ வேண்டும். தடவியவர், உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் ஆவியாகி அழுத்தம் ஏறுவதையும், டப்பென்று வெடிக்காமல் பிளந்துகொடுக்கத்தான் தலையில் கீறல் போட்டிருக்கிறார்கள் என்பதையும் கேட்டே ஆகவேண்டும். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவருக்கும் விலக்கில்லை.

தேடல் உள்ளூர் ரேடியோ கடையில் தொடங்கி, சிவகாசி, விருதுநகர், மதுரை டவுன்ஹால் ரோடு என்று நீளும். சின்னக் கடைகளில் 470, 1000, 2200 இவைதான் புழக்கம். "ஆயிரம் போடுங்க அண்ணாச்சி, ஓடும்" என்பார் கடைக்காரர். அது சரிதான். இந்த ரகத்தில் 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது வழக்கம். ஆயிரம் என்று அச்சிட்டது 800 ஆக இருக்கலாம். 820 என்று அச்சிட்டது 984 ஆகவும் இருக்கலாம். வோல்ட் மட்டும் 25க்குக் குறையக் கூடாது. இதெல்லாம் அண்ணாச்சிக்குக் கடைக்காரரைவிட நன்றாகத் தெரியும். இருந்தும், "அப்ப கம்பெனிக்காரன் என்ன கேனையனா?" என்று தீப்பெட்டியை மூடிவிடுவார்.

கடைசிப் படி சென்னை ரிச்சி தெரு. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை திரும்பும் மருமகன் கையில் தீப்பெட்டி ஒப்படைக்கப்படும். சாமானின் விலை, எழும்பூரிலிருந்து அங்கே போகிற ஆட்டோவுக்குக் காணாது.

இதற்கிடையில் வீட்டில் இருப்பவர்கள் படும் பாடு சிரிக்கிற விஷயமல்ல. பின்மூடி கழற்றிய டிவி கட்டிலில் படுத்திருக்கும். கட்டிலுக்கு உரியவர் தரையில் படுப்பார். திருகுகள் கிடக்கும் எவர்சில்வர் தம்ளரை எவரும் தொடக்கூடாது. எதிர்வீட்டில் போய் சீரியல் பார்க்கும் மனைவிக்கு, "இன்னும் சரியாகலையா?" என்ற கேள்வி தினமும் உண்டு.

ஆனால் நியாயம் அண்ணாச்சி பக்கம்தான். சில ரூபாய்ச் சாமானுக்காக முழுப் போர்டையும் தூக்கிப் போடச் சொல்வதுதான் இன்றைய சர்வீஸ். ஐசி மேலிருக்கும் எண்ணைச் சுரண்டிவிட்டு விற்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளமே திறந்தது. விவரம் தேடலாம், கெபாசிட்டர் கிடைக்காது.

சென்னையிலிருந்து வந்ததை மாட்டப் பத்து நிமிஷம் போதும். மைனஸ் பட்டை பார்த்து சால்டர் வைத்தால் டிவி ஓடிவிடும். மறுபடி அலைய விட்டுவிடக் கூடாதே என்று மருமகன் பத்தாக வாங்கி அனுப்பியிருப்பார். மிச்சம் ஒன்பது அண்ணாச்சியைச் சும்மா இருக்க விடாது. எதிர்வீட்டு டிவி ஆன் ஆக நேரமெடுப்பதாக அடுத்த வாரமே சொல்ல ஆரம்பிப்பார்.