ஸ்ட்ரைக் நாட்களின் சுண்டல்

எண்பதுகளில் செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும்: தேர்வுக் கட்டணத்தைச் சில ரூபாய் ஏற்றப்போகிறார்கள் என்று தாம்பரத்தில் ஏறும் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் போதும், ரயில் கொளவாய் ஏரியைத் தாண்டுவதற்குள் ஸ்ட்ரைக் முடிவாகிவிடும். முந்தின ராத்திரியே தெரிந்துவிட்டால் இன்னும் சுகம். டீக்கடை அடுப்பில் மைதா மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, விரல் சுடச்சுட எடுத்துத் தடவி, பழைய செய்தித்தாளில் சிவப்பு மையால் எழுதிய சுவரொட்டிகளைப் பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டிக்கொண்டே போவோம். விடிந்து பார்த்தால் பாதியை மாடு தின்றிருக்கும்.

கேட்டுக்கு முன்னால் கட்சிக்கொரு மாணவர் கூட்டம் நிற்கும். கட்டணத்தை எதிர்ப்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து, எந்தக் கொடி முன்னால் போவது என்பதில்தான் தகராறு. எங்கள் தலைவர்கள் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு சீனிவாசன் குடியிருந்தான். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தலையெடுத்து, 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தாரே, அந்த மாணவர் தலைவர். மாணவன் நினைத்தால் ஆட்சி மாறும் என்று தூணில் ஏறி நின்று ஒருவன் கத்தும்போது, எதிர்ச்சாரியில் கொய்யாப்பழம் விற்கும் அம்மாகூட அதை நம்பினார்.

பன்னிரண்டு மணிக்குள் லீவு விட்டுவிடுவார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு மாமல்லபுரத்தில் இறங்கினால், காலையில் கொடிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்ட இருவரும் கடற்கரைக் கோயில் பக்கத்து மணலில் ஒரே பொட்டலத்தில் கைவிட்டுத் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் தின்றுகொண்டிருப்பார்கள். அடியில் தங்கும் மாங்காய்த் துண்டுக்கு மறுபடி ஒரு சண்டை. அந்தச் சுண்டல் இன்றும் கிடைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து தின்ன அப்படி ஓர் எதிர்க்கட்சிக்காரன் இந்தக் காலத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிறானா என்பதுதான் என் கவலை.

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் வயல் இருந்த இடங்களில் கல்லூரிகள் எழும்பின. நல்லதும் நடந்தது, மறுக்க மாட்டேன். அறுவடைக்குப் போன வீட்டுப் பெண்கள் இன்ஜினீயர் ஆனார்கள். 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் மூச்சுவிட்டன. ஆனால் லட்சத்தில் கட்டணம் வாங்கும் வளாகங்களில் சங்கம் வைக்க முடிவதில்லை, தேர்தலும் நடப்பதில்லை. அப்பா வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கும்போது பிள்ளை எந்தத் தைரியத்தில் கோஷம் போடுவான்? கட்சிக்காரர்களிடம் முறையிடலாம் என்றால், கல்வித் தந்தைகள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

1891இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரியை, மாணவர்கள் எவ்வளவோ எதிர்த்தும், 2018இல் உயர் நீதிமன்ற வளாகத்திலிருந்து கிளப்பி, ஒரு பகுதியைக் கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் புதுப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாரிமுனையில் நின்று கத்தினால் கோட்டைக்குக் கேட்கும். புதுப்பாக்கத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? புதுக் கட்டடத்தைவிட அந்தப் பிள்ளைகளுக்கு அந்த இடம் முக்கியம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனாலும் சிதம்பரத்துப் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்பவர் வருடத்துக்கு 13,610 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 2013இல் அரசே ஏற்றுக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர் ஐந்து லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. 2020 டிசம்பரில் உட்கார்ந்தார்கள். கல்லூரியை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொன்ன பிறகும் எழுந்து போகவில்லை. சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிகள் ஆதரவு அறிக்கை விட்டன, ஆளுங்கட்சியும் கணக்குப் போட்டது. 2021 ஜனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. அடுத்துக் கட்டணமும் அரசுக் கல்லூரிக் கட்டணமாக இறங்கியது. தேர்தல் நேரத்து அரசியலை இவ்வளவு பக்குவமாகப் பயன்படுத்திக்கொள்ள எங்கள் தலைமுறைக்குத் தெரியவில்லை. கொடி எது முன்னால் போகிறது என்பதிலேயே எங்கள் பாதிப் பகல் போய்விட்டது. அந்த வெற்றியைச் செங்கல்பட்டுக் கல்லூரிகளின் கேட்டுகளில் யாராவது பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். மைதா காய்ச்ச ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.