நாம் பாவிகள், கர்த்தாவே

பாப்புவா நியூ கினியில் நான் செய்த முதல் பொது ஜெபத்திலேயே கடவுளைப் பாவி என்று சொல்லிவிட்டேன். யாரும் கல்லெறியவில்லை. முன்வரிசைப் பாட்டி ஒருத்தி மட்டும் பிலும் என்கிற பின்னல் பையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். ஆவியில் நிறைந்துவிட்டாள் என்று நினைத்து, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

கொரோகா மலையூர். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1600 மீட்டர். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து அங்கே போகச் சாலையே கிடையாது, விமானம்தான். நாசரேத் பக்கத்துத் தேரிக்காட்டு வெயிலில் வளர்ந்த நானும் என் வீட்டுக்காரியும் இரண்டு பெட்டி நிறையப் பருத்தித் துணியோடு போய் இறங்கினோம். ஊழியத்துக்கு அனுப்பியவர்கள் புறப்படும்போது எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் கொசுவலை இருந்தது, கம்பளி இல்லை. முதல் ராத்திரி ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்திக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னோம்.

அந்த நாட்டில் 800-க்கும் மேற்பட்ட மொழிகள். ஊருக்கு ஊர் பேச்சு மாறும் என்பதால் எல்லாருக்கும் பொதுவாக டோக் பிசின் என்று ஒன்று இருக்கிறது. காதில் விழும்போது ஆங்கிலம் மாதிரியே இருக்கும். வினையே அங்கேதான். ஆஸ்பத்திரி ‘ஹவுஸ் சிக்’, கோயில் ‘ஹவுஸ் லோட்டு’. ஒரே மாதத்தில் பிடித்துவிடுகிறேன் பார் என்று வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டேன். சாப்பாட்டுக்கு ‘கைகை’ என்றார்கள். அட, நம் கைதானே என்று பூரித்துப் போனேன். மறுநாள் ஒரு வீட்டில் தேநீரை நீட்டி, “சூசூ போடவா?” என்று கேட்டார்கள். வீட்டுக்காரி சட்டென்று கோப்பையை உள்ளங்கையால் மூடிவிட்டாள். பால் என்று அர்த்தமாம்.

ஜெபத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘வீ’ ஒன்றுதான். டோக் பிசினில் அப்படி இல்லை. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் ‘யூமி’, அவரை விட்டுவிட்டுச் சொன்னால் ‘மிபெலா’. நாம், நாங்கள். அவ்வளவுதான். அங்கே போன வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு இது பெரிய தலைவலி. நமக்கென்ன? பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத என் ஆச்சிகூட, வந்தவர்களிடம் “நாங்க சாப்ட்டாச்சு” என்பாளே தவிர “நாம சாப்ட்டாச்சு” என்று ஒருநாளும் சொன்னதில்லை. பரமண்டல ஜெபத்தை நானும் நாக்குத் திரும்பின நாளிலிருந்து ‘எங்கள்’ போட்டுத்தான் சொல்லிவருகிறேன்.

ஆனால் நான் படித்தவனாயிற்றே. டோக் பிசினையும் ஆங்கிலப் புத்தகம் வைத்துப் படித்தேன். அதில் ‘வீ’க்கு எதிரே முதலில் யூமி இருந்தது. எடுத்துக்கொண்டேன். “பாப்பா காட், யூமி மேக்கிம் சின்.” பிதாவே, நீரும் நானும் இந்த ஜனங்களும் சேர்ந்து பாவம் செய்துவிட்டோம்.

விஷயம் தெரிந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. இனிமேல் மிபெலாதான் என்று முடிவு கட்டி, அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்று, “காட் இ லைக்கிம் மிபெலா டுமாஸ்” என்று உருகினேன். கடவுள் எங்களை ரொம்ப நேசிக்கிறார். எங்களை என்றால், என்னையும் என் வீட்டுக்காரியையும். கடைசி பெஞ்சிலிருந்து மூப்பர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “பாஸ்டா, நா மிபெலா?” அப்போ நாங்க?

1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் ஆனா ஆவன்னா எழுதினார் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டையே அச்சேற்றிவிட்ட மகான். நாம், நாங்கள் விஷயத்தில் அவர் எத்தனை முறை கடவுளைப் பாவியாக்கினார் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆக்காமலா இருந்திருப்பார்?

வீட்டுக்காரி புத்தகம் பக்கமே போகவில்லை. சந்தையில் பெண்களோடு உட்கார்ந்தே பேச்சைப் பிடித்துவிட்டாள். அவளுக்குக் கதவைத் திறந்துவிட்ட சொல் ‘பெல்’, அதாவது வயிறு. இந்த ஊரில் சந்தோஷம், துக்கம் எல்லாம் குடியிருப்பது வயிற்றில்தான். துக்கம் வந்தால் ‘பெல் ஹெவி’, கோபம் வந்தால் ‘பெல் ஹாட்’, மனந்திரும்புவதற்கு ‘டானிம் பெல்’. வயிற்றைத் திருப்பு! நான் சிரித்தேன். “இதுல என்னங்க சிரிப்பு? நமக்கு வயிறு எரியலையா, பெத்த வயிறு பதறலையா?” என்றாள். நான்கு வருஷம் இறையியல் படித்தவனுக்குத் தோன்றாதது.

வயிறு நிஜமாகவே திரும்பிய கதையும் உண்டு. எங்களை வரவேற்க முமு வைத்தார்கள். குழி வெட்டி, சுட்ட கல்லை அடுக்கி, வாழை இலை விரித்து, அதில் பன்றிக்கறி, கீரை, கௌகௌ எல்லாவற்றையும் வைத்து மூடிவிடுவார்கள். மணிக்கணக்காக அவிந்து வெளியே வரும்போது வரும் வாசம் இருக்கிறதே, கல்யாண வீட்டு ஆக்குப்புரை தோற்றுவிடும். விருந்தாளிக்கு மரியாதை என்று தனிக் கொழுப்பாக ஒரு துண்டு எனக்கு வந்தது. நாலு விரல் கனம். ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கினேன். அன்று ராத்திரி முழுக்க எனக்கு டானிம் பெல்.

கௌகௌ என்பது நம் சீனிக்கிழங்கு. மலையில் மூன்று வேளையும் அதுதான். அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏல, மூணு வேளையுமா? வாயு புடிக்கும்லா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கறுத்திருக்கியோ?” அந்தக் கவலைக்கு மட்டும் என்னிடம் நல்ல செய்தி இருந்தது. சந்தையில் சின்னப் பையன்கள் என்னைக் காட்டி ‘வெய்ட்மேன்’ என்றார்கள். வெள்ளைக்காரனாம். ஐம்பது வருஷப் பவுடரால் ஆகாதது ஒரு விமான டிக்கெட்டில் ஆயிற்று. வெளியூர் போதகன் என்றால் வெள்ளை என்று பையன்களுக்கு ஒரு கணக்கு. 1875-லேயே ஃபிஜித் தீவிலிருந்து உபதேசியார்மார் இந்த நாட்டுத் தீவுகளுக்கு வந்து ஊழியம் செய்திருக்கிறார்கள் என்பதை விளக்க ஆரம்பித்தேன். பையன்கள் ஓடிவிட்டார்கள்.

எட்டாம் மாதம், அதே மூப்பர் ஒரு சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தம்பி மகனுக்குக் கல்யாணம், பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்க வேண்டும், பன்றி சேர்க்கிறோம் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர், “யூமி மஸ் கிவிம்” என்றார். யூமி! நாம் கொடுக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே ஓடிப்போய், “நம்மளச் சேத்துட்டாங்க! யூமின்னு சொல்லிட்டார்!” என்றேன்.

வீட்டுக்காரி அடுப்பைத் தணித்தாள். “நாமன்னா துட்டும் நாமதாங்க” என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தாள். ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் 501 ரூபாய்க்கு மேல் எழுதாதவள். தலைப்பில் ‘மொய்’ என்று போட்டு, தேதியை எழுதி, பேனாவைக் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்:

பன்றி – அரை.