குடல்வால் நீங்கியோர் குலுங்கும் முறைமை: ஒரு வேகத்தடை ஆய்வு

இவ்வாய்வின் நில எல்லை ஒரகடம் கூட்டுரோடு. கிழக்கே படப்பை, மேற்கே வாலாஜாபாத், வடக்கே ஸ்ரீபெரும்புதூர், தெற்கே சிங்கப்பெருமாள் கோயில். கால எல்லை, ஆபரேஷன் தியேட்டரின் கதவு திறந்தது முதல் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டில் சீல் விழுந்தது வரை. ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் ஒரே ஆள். இதனால் நடுநிலை கெடும் என்பார்க்கு விடை: வழிகாட்டியின் நூலுக்கு மாணவரும் மாணவரின் நூலுக்கு வழிகாட்டியும் அணிந்துரை எழுதிக்கொள்ளும் நாட்டில் இது ஒரு குறையன்று.

முன்னாய்வுகள். 1735இல் லண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்பவர் பதினொரு வயதுச் சிறுவனின் குடல்வாலை எடுத்தார். உள்ளே ஒரு குண்டூசி இருந்தது. 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் கூர்ட் செம் வயிற்றைக் கிழிக்காமல் துளைபோட்டே எடுத்துக் காட்டினார். சக மருத்துவர்கள் பாராட்டுவதற்குப் பதில் பாய்ந்தார்கள். இவ்விருவரையும் இங்கே இழுத்ததற்குக் காரணம், முன்னாய்வுகள் என்று தலைப்புப் போட்டுவிட்டால் அதன்கீழ் ஏதேனும் இருந்தாக வேண்டும் என்பதே.

மூலமும் உரைகளும். டாக்டர் அருளிய மூலம் ஒரே சூத்திரம்: “மெதுவா நடங்க, வெயிட் தூக்காதீங்க.” இதற்கு வார்டிலேயே மூன்று உரைகள் கிடைக்கின்றன. ‘நடக்கவே வேண்டாம்’ என்று பொருள் கொள்வார் ஜன்னலோரக் கட்டிலார். ‘நடக்கலாம், மாடிப்படி ஆகாது’ என்பது எதிர்க் கட்டிலார் கருத்து. மூன்றாமவரான பிளாஸ்க் பெரியம்மா மூலத்தையே இடைச்செருகல் என்று தள்ளிவிட்டார்: “டாக்டருங்க அப்படித்தாம்பா சொல்லுவாங்க, நீ படு” (வாய்மொழி, பார்வையாளர் நேரம் முடிந்து வாட்ச்மேன் இரண்டாம் முறை விரட்டியபோது வாசற்படியில் நின்று சொன்னது).

தையல். மூன்று இடங்களில். மேற்கொண்டு ஆராய ஏதுமில்லை.

உணவு. இட்லி.

காற்று. மயக்க மருந்தில் உறங்கிப்போன குடல் மறுபடி வேலையைத் தொடங்கியதற்கு அடையாளம் கீழ்க்காற்று. ஆகவே நர்சு காலையில் வந்ததும் வார்டு முழுதும் கேட்கும்படி வினவுவார்: “என்னண்ணா, காத்து போச்சா?” இந்த வினாவை மெல்லிய குரலில் கேட்ட நர்சு இருந்ததாகச் சான்றில்லை. காரணம் மண்ணில் இருக்கிறது. 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், குரு காதோடு சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். அந்தரங்கத்தை உரத்துச் சொல்வது இவ்வட்டாரத்தின் தொல்மரபு என்பது இதனால் பெறப்படும். இரண்டுக்கும் தொடர்பு ஊர்ப்பெயர் மட்டும்தானே என்று கேட்கலாம். இதைவிடக் குறைந்த தொடர்பை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொப்புள் வழியே விடும் கேமராவுக்கு இடம் வேண்டி வயிற்றைக் கரியமில வாயுவால் ஊதுவார்கள். அதில் மிச்சம் உதரவிதானத்தை உறுத்த, வலி தோள்பட்டையில் தெரியும். அறுத்தது ஓரிடம், வலிப்பது வேறிடம். எதிர்க் கட்டிலார் இதைக் கண்ணேறு என்று நிறுவினார். ஆதாரம் கேட்டதற்குத் தம் தோளைக் காட்டினார்.

இனி, இவ்வாய்வின் உயிர்நிலையான வேகத்தடை.

இது இக்கட்டுரையாளரின் கற்பனை என்று எவரும் எண்ண வேண்டாம். 2012 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் உண்மையாகவே ஓர் ஆய்வு வந்தது. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்கு வயிற்றுவலியோடு வந்தவர்களிடம், “வரும் வழியில் வேகத்தடை ஏறும்போது வலி கூடியதா?” என்று கேட்டார்கள். பின்னர் குடல்வால் அழற்சி என்று உறுதியானவர்கள் 34 பேர்; அவர்களில் 33 பேர், கூடியது என்று சொல்லியிருந்தார்கள். அழற்சி கண்ட குடல்வால் வயிற்றின் உட்சவ்வை உரசுவதால் ஒவ்வொரு குலுக்கலும் சுருக்கென்று தைக்கும். ஆனால் அவ்வாய்வு அறுவைக்கு முன்போடு நின்றுவிட்டது. பின்பு குலுங்குவோரை எந்த ஆங்கிலேயரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒரகடத்தைவிடத் தகுந்த களம் இல்லை. ஒரே ஒரு சிக்கல்: ஒப்பீட்டுக்கு வேகத்தடையில் ஏறாமல் வேலைக்கு வருவோர் ஒரு குழு வேண்டும், தேடியும் கிடைக்கவில்லை.

இவ்வட்டார வேகத்தடை மூவகைத்து. வெள்ளைக்கோடு போட்டு அறிவித்து வருவது. கோடு அழிந்து அறிவிக்காமல் வருவது. வேகத்தடையென்று எண்ணி டிரைவர் அடக்கி ஓட்ட, டிப்பர் லாரி சிந்திய ஜல்லி என்று பிறகு தெரிவது. நான்காவதாகப் பள்ளத்தைச் சேர்ப்பாரும் உளர். பள்ளம் தடையன்று, தடையின் இன்மை. எனவே அது தனி நூலுக்குரியது. அந்நூலுக்கான பொருள் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் மழைக்கு மழை வளர்கிறது.

குலுங்குவோன் அமரும் இடமும் கருதத்தக்கது. கம்பெனி பஸ்ஸின் வால்பகுதி பின்சக்கரத்தைத் தாண்டி நீண்டிருப்பதால், சக்கரம் ஏறும்போது கடைசி இருக்கைதான் எல்லாவற்றிலும் உயரமாக எழும்பி விழும். முன்னிருக்கைகள் ஸ்டாஃபுக்கு. நடுவில் பர்மனென்ட். கடைசி வரிசை காண்ட்ராக்டுக்கும் டிரெய்னிக்கும். இப்படி உட்கார வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் மாறி உட்கார்ந்தவனும் இல்லை. ஆக, யார் வயிறு எவ்வளவு குலுங்கும் என்ற அட்டவணையை எச்.ஆர். துறை ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கிறது. ஆய்வாளர் செய்ய வேண்டியது அதைப் படியெடுப்பது மட்டுமே. (காண்க: கடைசி வரிசையார், ‘ஐயோ’, முதற்பதிப்பு, ஏ ஷிப்ட், மறுநாள் அதே வேகத்தடையில் வெளிவந்த திருத்திய பதிப்பு, டிரைவரின் குடும்பத்தார் பற்றிய பின்னிணைப்புடன், மலிவுப் பதிப்பு, முனகல் மட்டும், சி ஷிப்ட் முடிந்து எல்லோரும் தூங்கும்போது.)

இருமும்போது வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடிக்கச் சொல்லியிருந்தார் நர்சு. அதை பஸ்ஸுக்கும் விரித்துப் பொருள் கொண்டது இக்கட்டுரையாளரின் சொந்தப் பங்களிப்பு. தலையணையோடு ஏறியவனைப் பார்த்து பஸ்ஸே சிரித்தது. உடன் சிரிக்க முயன்றபோது தையல் தடுத்தது. வடிவேலு படங்கள் ஏன் மருந்துச்சீட்டில் விலக்கப்படவில்லை என்பது தனியே ஆராயத்தக்கது.

இதே ஒரகடத்தில்தான் புது வண்டிகளைத் தடத்தில் ஓட்டிச் சோதிக்க மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமான ஜிஏஆர்சி இருக்கிறது. வண்டி எவ்வளவு குலுக்கல் தாங்கும் என்று கருவி வைத்து அளக்கும் ஊர் இது. வண்டிக்குள் இருப்பவனுக்கு அப்படியொரு தடம் போட ஏனோ எவருக்கும் தோன்றவில்லை. கூட்டுரோடு அதை இலவசமாகச் செய்துகொண்டிருப்பதால் இருக்கலாம்.

விடுப்பு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவார், உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால் நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் முதல் இரண்டு நாட்களுக்குக் கிடையாது. குடல்வால்காரனுக்கு உயிர்போவது அந்த இரண்டு நாட்களில்தான் என்பதைச் சட்டம் செய்தோர் அறிந்திலர் போலும். பதினைந்து நாளுக்குள் மறுபடி நோயுற்றால் இந்த இரண்டு நாள் விதி தளரும். ஒருவருக்கு ஒரு குடல்வால்தான் என்பதால் அச்சலுகை இங்கே பயன்படாது.

லைட் டூட்டி. 1961இல் அண்டார்க்டிகாவில் மாட்டிக்கொண்ட சோவியத் மருத்துவர் லியோனித் ரோகொசோவ் தம் குடல்வாலைத் தாமே அறுத்தெடுத்து, இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். இச்செய்தி கம்பெனி நிர்வாகங்களின் காதுக்குப் போகாமல் வாசகர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு உதவும் சான்று வேறு. 1902 ஜூன் 26இல் முடிசூட இருந்த ஏழாம் எட்வர்டுக்கு இரண்டு நாள் முன்பு குடல்வால் சீழ்க்கட்டி. அரண்மனையிலேயே அறுவை, முடிசூட்டு விழா ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. அன்றும் உடம்பு முழுதாகத் தேறாததால், இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் புனித எட்வர்டு மகுடத்தை விட்டு, எடை குறைந்த வேறொரு மகுடத்தைத்தான் சூட்டினார்கள். லைட் டூட்டிக்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் உண்டா?

எங்கள் லைனிலோ லைட் டூட்டி என்றால் டிரேயைத் தூக்க வேண்டாம், தள்ளினால் போதும் என்று பொருள். டிரேயில் இருப்பது இரும்பு. ஆகவே மேற்படிச் சான்றை ஃபிட்னஸ் சர்டிபிகேட்டோடு இணைத்து, அரசர் பெயர், நாள், மகுடத்தின் எடை உட்பட, சூப்பர்வைசரிடம் வாய்மொழியாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ரிலீவர் வந்துவிட்டானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“அவரு பர்மனென்ட்டுப்பா. நீ காண்ட்ராக்ட்.”