கத்தி இல்லாத கத்திக்காரர்கள்

உலு திராமில் மடக்குக் கத்தி சேர்ப்பவர்கள் கூடினால் மேசையில் தே தாரிக் இருக்கும், ரொட்டி சானாய் இருக்கும். கத்தி மட்டும் இருக்காது. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். ‘நண்பரிடம் காட்டத்தான்’ என்பது தகுந்த காரணமா என்று போலீசிடம் கேட்டுப் பார்க்க எவருக்கும் துணிவில்லை. ஆகவே கைப்பேசியில் படம்.

1890இல் பிரான்சின் சவுவா மலைநாட்டில் ஜோசப் ஓப்பினெல் உழைப்பாளிகளுக்கென்று செய்யத் தொடங்கிய கத்தி, இங்கே ஒரு வெங்காயம்கூட நறுக்கியதில்லை. கார்பன் எஃகு வேறு. ஜோகூர் ஈரத்தில் கண் அசந்தால் துரு.

“தேங்காய் எண்ணெய் தடவுங்கண்ணே.”

“பிசுபிசுக்கும்டா, மெஷின் எண்ணெய்தான்!”

அப்பா பால் மரம் வெட்டிய கத்தியோ ஸ்டோரில் கிடக்கிறது. மடங்காதாம், சேகரிப்பில் சேராதாம்.

நடுவில் முறுக்கு பாக்கெட் வந்தது. ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் பல்லால் கடித்துத்தான் பிரித்தார்கள்.