தலைக்காசு இல்லாத கங்காணி

புதன்கிழமை இரவு பத்து மணிக்கு உங்கள் கைப்பேசியில் "ஞாயிறு காலை 6 மணிக்குப் பெரட்டு. லேட்டா வர்றவங்க நீந்தி வரணும்" என்று ஒரு செய்தி விழுந்தால், நீங்கள் ஏதோ ஒரு கயாக் சங்கத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம். அனுப்பியவர் யார் என்று பார்க்கவே வேண்டாம். மலாக்கா மாநிலத்தில் இவரைப் போன்றவர் மெர்லிமாவில் ஒருவர் இருப்பார், ஜாசினில் ஒருவர், மஸ்ஜித் தானாவில் ஒருவர். அலோர் காஜாவில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆள்தான் வேறு, அச்சு ஒன்று. அறுபதை எட்டிப் பார்க்கும் வயது, கழுத்தில் விசில், கையில் அட்டை வைத்த பேர்ப் பட்டியல், காதில் சொருகிய பேனா. ஊருக்கெல்லாம் அவர் 'கயாக் அண்ணன்'.

அண்ணன் பிறந்தது தோட்டத்து லயத்தில். அப்பா மண்டோர். விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் அப்பா பேர் கூப்பிடுவதையும், "வந்தேன்யா" என்று ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பதையும் அரைத் தூக்கத்தில் கேட்டு வளர்ந்தவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான் வந்தது. லயத்தையும் இடித்துவிட்டார்கள். பெரட்டு மட்டும் அண்ணனின் இரத்தத்தில் தங்கிவிட்டது. இருபது பேரை ஓர் இடத்தில், ஒரு நேரத்துக்கு நிறுத்தி எண்ணிப் பார்க்காவிட்டால் அவருக்கு அந்த வாரம் சோறு இறங்காது. கயாக் என்பது ஒரு சாக்கு. நாளைக்கே எல்லாரையும் மலையேறக் கூப்பிடலாம் என்றாலும் அதே பட்டியலோடு, அதே விசிலோடு வந்து நிற்பார்.

அந்தக் காலத்துக் கங்காணி தன் ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வருவார். அப்படி வந்தவர்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும், தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு உண்டு. 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்கள் அனுப்புவதை நிறுத்தியதும் அந்தத் தொழில் படுத்தது. கயாக் அண்ணன் அதைத் தட்டி எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். வித்தியாசம் ஒன்றுதான். கங்காணி தலைக்காசு வாங்கினார், இவர் கட்டுகிறார். வருகிறேன் என்று பேர் கொடுத்துவிட்டு ஞாயிறு காலையில் "அண்ணே, வயிறு சரியில்ல" என்று குரல்பதிவு அனுப்புகிறவர்களின் படகு வாடகை முழுக்க அவர் தலையில்தான்.

பேர் சேர்ப்பதே ஒரு திருவிழா. வாட்ஸ்அப்பில் 1 முதல் 24 வரை எண் போட்டு வெறும் பட்டியலைப் போடுவார். அதை நகலெடுத்து, உங்கள் பேரைச் சேர்த்து, திரும்பப் போட வேண்டும். ஒரே நிமிஷத்தில் இரண்டு பேர் நகலெடுத்தால் பட்டியல் இரண்டாகப் பிளந்துவிடும். ஒன்பதாம் எண்ணில் ஒரு பட்டியலில் ஜாசின் தம்பி இருப்பார், இன்னொன்றில் டுரியான் துங்கால் டீச்சர் இருப்பார். நடுவில் யாரோ முந்தின மாதப் பட்டியலை எடுத்துப் போட்டுவிட, பதினோராம் இடத்தில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டவர் பேர் வரும். "14. நானும் மனைவியும் (அவங்ககிட்ட இன்னும் கேக்கல)" என்று ஒருவர். எண்ணே போடாமல் கட்டைவிரலை மட்டும் காட்டுகிறவர்கள் நாலு பேர். கட்டைவிரல் என்றால் வருகிறார்களா, அல்லது வருகிறவர்களை வாழ்த்துகிறார்களா? அண்ணன் ஒவ்வொருவருக்கும் போன் அடிப்பார். எடுக்கிறவர்கள் அனைவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சாப்பாடு என்னாண்ணே?"

தேதி குறிப்பது அதைவிடப் பெரிய கதை. அண்ணனின் மேசையில் இரண்டு புத்தகம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று பஞ்சாங்கம், மற்றது கடல் ஏற்ற இறக்க அட்டவணை. முகூர்த்த ஞாயிறு ஆகாது, பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். தைப்பூசம், மாசி மகம் பக்கமே போகக்கூடாது. மாசி மகத்துக்குச் செங் சந்நாசிமலையில் கூட்டம் தள்ளும்போது இங்கே துடுப்புப் பிடிக்க யார் வருவார்? புரட்டாசியில் ஆள் வரும், ஆனால் கோழி கூடாது; கோழி இல்லையென்றால் ஆள் குறையும்.

மீதி இருக்கிற ஞாயிறுகளில் தண்ணி ஒத்துக்கொள்ள வேண்டும். மலாக்கா நீரிணையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். இன்று காலை ஒன்பதுக்கு நிறைந்த தண்ணி நாளைக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளித்தான் நிறையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிசு, இறக்கமும் பெரிசு, இழுப்பும் பெரிசு. தேய்பிறையோ வளர்பிறையோ, பாதி நிலாக் காலத்தில் கடல் சாதுவாகிவிடும். புதிதாகத் துடுப்புப் பிடிக்கிறவர்களைத் தண்ணியில் இறக்க அதுதான் தோதான நேரம். பாதி நிலா என்றால் பஞ்சாங்கத்தில் என்ன? அஷ்டமி, நவமி!

நல்ல காரியம் எதற்கும் ஆகாத அந்த இரண்டு திதியில்தான் கயாக்குக்கு நேரம் கூடி வருகிறது என்பதை அண்ணன் கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கும் சங்கத்து ஆண்ட்டிகளுக்கும் ஓயாத போர். "அஷ்டமியில போய் யாராச்சும் தண்ணியில கால வைப்பாங்களா?" என்பார்கள். "அம்மா, அமாவாசையில வச்சா தண்ணி உங்கள சுமத்ராவுக்குக் கொண்டு போயிரும்" என்பார் இவர். என்னைக் கேட்டால், பஞ்சாங்கத்தை இவ்வளவு ஒழுங்காகப் படிக்கிறவர் அந்த ஊரிலேயே இவர் ஒருவர்தான்.

இடம் பற்றிய வாக்குவாதத்தில் முதலை வரும். இளவட்டங்கள் லிங்கி ஆற்றுக்குப் போகலாம் என்பார்கள். மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் எல்லையாக ஓடுகிற ஆறு, இரண்டு பக்கமும் பாக்காவ் காடு, பார்க்க அழகுதான். ஆனால் அதில் முதலை இருப்பது ஊரறிந்த சங்கதி. அண்ணன் லிங்கியை அடித்துவிட்டுப் பெங்காலான் பாலாக் கடற்கரை என்று முடிவு செய்வார். உடனே ஓர் ஆண்ட்டி எழுதுவார்: "லிங்கி ஆறு அந்தப் பக்கம்தானே கடல்ல வந்து சேருது? முதலைக்கு வழி தெரியாதா?" உப்புத்தண்ணி முதலை கடலில் நீந்தும் என்பது உண்மை என்பதால் அண்ணனால் மறுத்துப் பேச முடியாது. "ஞாயித்துக்கெழம முதலைக்கும் லீவுதான்" என்று எழுதிவிட்டுப் போனை அணைத்து வைப்பார்.

அணைத்தாலும் வீட்டுத் தொலைபேசிக்கு அம்மாக்கள் வருவார்கள். "என் பையனுக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல எழுதியிருக்குங்க." பையனுக்கு வயது முப்பத்தி நாலு. அண்ணன் சிரிக்க மாட்டார். இந்த இடத்தில் மட்டும் நான் அவரைக் கிண்டல் செய்யத் தயாரில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. குட்டையும் ஈயச் சுரங்கப் பள்ளங்களும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கின்றன. தண்ணியில் கண்டம் என்பது ஜோசியர் எழுதியதாக இருக்கலாம், பயத்தை எழுதியது ஜோசியர் அல்ல. "நான் லைஃப் ஜாக்கெட்ட மாட்டி, கொக்கிய என் கையால போட்டு, ரெண்டு தோளையும் தூக்கிப் பாத்துட்டுத்தாம்மா எறக்குவேன்" என்பார். அதை அப்படியே செய்வார். ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்போது அது காதுவரைக்கும் ஏறினால் அளவு சரியில்லை என்று பொருள். கழற்றி வேறு மாட்டுவார். காலையில் அவர் வாங்கும் நன்றிகளில் பாதி, கூச்சத்தில் நெளிந்துகொண்டே இந்த இடத்தில் கிடைப்பவை.

ஞாயிறு வந்துவிட்டது. ஆறு மணிப் பெரட்டுக்கு ஆறே காலுக்கு அண்ணனும், நாசி லெமாக் கொண்டுவந்த மாக்சிக்கும் மட்டும் நிற்பார்கள். "ஓன் த வே அண்ணே" என்பது ஒரு குறிப்பிட்ட நிலை. அவர் இன்னும் குளிக்கவில்லை என்பதைக் குறிக்கும். ஆறு ஐம்பதுக்கு எல்லாரும் சேர்ந்திருக்க, தண்ணி ஏறி நிற்கிறது, காற்று இல்லை, அதிகாலையில் அந்தப் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு வரும் 'சுமத்ரா' புயற்காற்றும் இன்று இல்லை. இறங்கிவிட வேண்டியதுதானே? இல்லை. சொற்பொழிவு இருக்கிறது.

"நம்ம ராஜேந்திர சோழன் 1025-ல இதே கடல்லதான்..." என்று ஆரம்பிப்பார். கப்பற்படை, கடாரம், ஸ்ரீவிஜயம், தஞ்சைக் கல்வெட்டு என்று போகும். "கடல் கடந்து வந்த பரம்பரைடா நம்மளுது! துடுப்பு நம்ம கையில பொறந்தது!" நம்மில் பெரும்பாலோரின் தாத்தா கடல் கடந்தது ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தளத்தில். துடுப்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். நாகப்பட்டினத்தில் ஏறியதிலிருந்து பினாங்கு வரைக்கும் வாந்தி எடுத்திருப்பார். ஆனால் அதை அந்த நேரத்தில் யார் சொல்வது? ஒரு பத்து வயதுப் பையன் கையைத் தூக்குவான். "அங்கிள், சோழன் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாரா?" அண்ணன் யோசிப்பார். நிஜமாகவே யோசிப்பார். "அவரு ராஜா. நீ போடு" என்று தீர்ப்பு வரும்.

சோழன் கடாரத்தை வெல்வதற்குள் தண்ணி இறங்க ஆரம்பித்திருக்கும்.

படகில் உட்கார வைப்பது அண்ணனின் தனிக் கலை. வாடகைக் கயாக் எல்லாம் இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் வகை. கனமானவர் பின்னால், தாளம் பிடிக்கத் தெரிந்தவர் முன்னால். முன்னால் இருப்பவர் போடும் துடுப்பைப் பார்த்துப் பின்னால் இருப்பவர் போட வேண்டும், இல்லாவிட்டால் துடுப்பும் துடுப்பும் மோதும். கணவன் மனைவியை அண்ணன் ஒருபோதும் ஒரே படகில் போட மாட்டார். ஒரு தடவை போட்டு, நடுக்கடலில் மாமியார் விவகாரம் கிளம்பி, இரண்டு பேரும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு வாதாட, படகு தன்பாட்டில் போர்ட் டிக்சனை நோக்கிப் போன வரலாறு சங்கத்தில் உண்டு.

ஆக, பட்டியலில் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்க வேண்டும். என்றைக்கும் இருக்காது. வயிறு சரியில்லாத ஒருவர் காலையில் வராமல் போக, கடைசியில் ஓர் ஆள் தனியாக நிற்பார். அப்போதுதான் உலகத்துக்குத் தெரியாத ரகசியம் வெளிவரும். அண்ணனுக்குப் படகில் ஏறுவதில் விருப்பமே இல்லை. கரையில் இருபத்தி மூன்று பேரின் கார்ச்சாவி, போன், மூக்குக் கண்ணாடி, ஒரு பல்செட் ஆகியவற்றை ஒரு பையில் கட்டிக்கொண்டு, விசிலோடு நடந்து நடந்து கத்துவதில்தான் அவருக்குச் சுகம். "கீரி! கீரி! அது கானான்டா!" வேறு வழியில்லாமல் அன்றைக்கு அவர் ஏறுவார். ஜோடி, சோழனைப் பற்றிக் கேட்ட பையன். பையன் முன்னால் உட்கார்ந்து ஒழுங்காகத் துடுப்புப் போடுவான். அண்ணன் பின்னால் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற படகுகளை எண்ணிக்கொண்டு வருவார். "அங்கிள், நீங்க போடலியா?" "நான் பொறுப்புல இருக்கேன் தம்பி."

திரும்பி வரும்போது கடல் பின்வாங்கியிருக்கும். கரைக்கும் தண்ணிக்கும் நடுவே சேறும் மணலுமாக ஒரு மைதானம். சோழன் விழுங்கிய இருபத்தைந்து நிமிஷத்துக்கு எல்லாரும் படகை இழுத்துக் கடன் அடைப்பார்கள். சிலிப்பர் ஒன்று சேற்றில் போகும். அது வழக்கமாக டீச்சருடையது.

கரையில் மறுபடியும் பெரட்டு. தன்னைச் சேர்க்காமல் எண்ணுவார். இருபத்தி நாலு. போனது இருபத்தி மூன்று! மறுபடி எண்ணுவார், அதே இருபத்தி நாலு. ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று அவர் பயிற்சி எடுத்திருக்கிறார்; கூடினால் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனால், வரிசையின் கடைசியில் தூண்டில்காரப் பாக்சிக் ஒருவர் கையில் நாசி லெமாக் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருப்பார். வரிசை நின்றது, அவரும் நின்றார், கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். அண்ணன் அவரை விரட்டமாட்டார். பேர் கேட்டு 24-ஆம் எண்ணில் எழுதிக்கொண்டு, அடுத்த மாதம் வருவீர்களா என்று மலாயில் விசாரிப்பார்.

நாசி லெமாக் போதாதென்று மத்தியானம் உம்பாய்க்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிடலாம் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். மஸ்ஜித் தானா ஒரு கோடி, உம்பாய் மறு கோடி. துடுப்புப் போட முடியாமல் கை வலித்தவர்கள் அத்தனை பேரும் நண்டைப் பிளப்பதில் காட்டும் வேகத்தை அண்ணன் கசப்போடு பார்த்துக்கொண்டிருப்பார். பில் வந்ததும் மேசையில் ஒரு பக்தி அமைதி நிலவும். தலைக்கு 31 வெள்ளி 40 காசு என்று அவர் கணக்குச் சொல்வார். நாற்பது காசை யாரும் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்டுக் கூட்டம். விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் 1997-ன் கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிந்த சங்கம் என்பதால் கூட்டம், கணக்கு, பாரம் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், அண்ணன் வைத்திருப்பார். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருஷத்தோட நான் வெலகிக்கிறேன். இளைஞர்கள் முன்வரணும்" என்பார். இளைஞர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் தங்கள் காலணியை ஆராய்வார்கள். போன வருஷமும் இதே வசனம், அதற்கு முந்தின வருஷமும் இதே. பொருளாளர் எழுந்து "அண்ணனே தொடரட்டும்னு முன்மொழியறேன்" என்பார்.

இந்த வருஷம் வழிமொழிய எழுந்தது பின்வரிசையில் பீகூன் கோரெங் பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி. கரண்டியை இறக்காமலே பேசினார்.

"தொடரட்டும்ங்க. வெலகுனா வீட்டுல எங்கள எண்ணிக்கிட்டே இருப்பாரு. நாங்க மூணே பேரு."