லினஸுக்கே இந்தக் கதி

வைஃபை வந்தால் சவுண்ட் போகும், சவுண்ட் வந்தால் இரண்டாவது மானிட்டர் இருண்டுவிடும். இப்படி லினக்ஸோடு மல்லுக்கட்டித் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. லினக்ஸைப் பெற்றவரே இந்தப் பாடுதான் பட்டிருக்கிறார்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய கர்னல், அதாவது லினக்ஸின் மையக்கரு, இன்று ஆண்ட்ராய்டு போன்களில் ஓடுகிறது; உலகின் அதிவேக சூப்பர் கம்ப்யூட்டர்கள் 500-ம் 2017 முதல் அதை நம்பியே இருக்கின்றன. கர்னலில் செய்த மாற்றத்தால் பழைய மென்பொருள் ஏதாவது படுத்துவிட்டால் மனிதர் பொரிந்து தள்ளிவிடுவார். ஆனால் அதன் மேல் மெனு, பட்டன் எல்லாம் வைத்துத் தரும் டெஸ்க்டாப், வேறு ஆட்களின் கைவேலை. அவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அடியோடு மாற்றாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

டெஸ்க்டாப்புகளில் க்னோம் வேண்டாம், கேடிஇ போடுங்கள் என்று 2005-இல் சொன்னவர் டோர்வால்ட்ஸ். 2008 ஜனவரியில் கேடிஇ 4.0 அரைவேக்காடாக வந்து சேர, வெறுத்துப்போய் அதே க்னோமிடம் போனார். 2011-இல் வந்த க்னோம் 3-இல் மினிமைஸ் பட்டனையே காணோம். அதைக்கூடப் பொறுத்திருப்பார். கட்டளைகளை டைப் அடிக்கும் டெர்மினல் இன்னொன்று வேண்டுமென்று ஐகானை அழுத்தினால் புதிது திறக்காது, ஏற்கெனவே திறந்திருந்தது முன்னால் வந்து நிற்கும். டெர்மினலிலேயே குடியிருப்பவரிடம் விளையாடுகிற விளையாட்டா இது? எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்கு மூட்டை கட்டினார். 2013-இல் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. க்னோம் 3-க்கே வந்து, எக்ஸ்டென்ஷன்களை ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளினார்.

நடுவில் 2012-இல் ஒரு பிரிண்டர் வம்பு. மகளின் லேப்டாப்பில் ஓபன்சூசே என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து மகளின் போன்: அங்குள்ள பிரிண்டரைச் சேர்க்க அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறதாம். அப்பாவுக்கு வந்த கோபத்தில், இதைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உயிரோடு இருப்பதே தப்பு என்கிற அளவுக்கு இணையத்தில் எழுதிவிட்டார். வார்த்தை தடித்ததுதான். ஆனாலும் பிரிண்டருடன் பழகிய யாரும் அவரைக் கண்டிக்க முன்வரமாட்டார்கள்.

பெயர் ராசியோ என்னவோ, 2021-இல் இன்னொரு லினஸ் மாட்டினார். கனடா யூடியூபர் லினஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் கேம் விளையாட ஸ்டீம் செயலியை நிறுவப் பார்த்தார். மவுஸால் முடியவில்லை, டெர்மினலுக்குப் போனார். முக்கியமான மென்பொருள் தொகுப்புகள் அழியப்போகின்றன என்று எச்சரித்த கணினி, சம்மதமென்றால் 'ஆமாம், நான் சொன்னபடி செய்!' என்று ஆங்கிலத்தில் டைப் அடிக்கச் சொன்னது. அடித்தார். அதுவும் சொன்னபடியே செய்தது. டெஸ்க்டாப் மொத்தமும் போய், கறுப்புத் திரையில் லாகின் கேட்கும் வரி ஒன்றுதான் மிச்சம். ஸ்டீம் தொகுப்பில் இருந்த கோளாறு அது. பிறகு, தொகுப்புகளை நிறுவி நீக்கும் ஏபிடி மென்பொருளையே திருத்தினார்கள். அந்த வாக்கியத்தை இப்போது ஆசைப்பட்டாலும் அவ்வளவு சுலபமாக டைப் அடிக்க முடியாது.