ஒரு தீப்பெட்டியும் அறுநூறு தீப்பெட்டியும்: சில்லறைவியல் நோக்கில் ஓர் ஆய்வு

கோவில்பட்டியில் செய்த தீப்பெட்டியைச் செய்தவரிடமே வாங்காமல் தெருமுனை அண்ணாச்சியிடம் ஏன் வாங்குகிறோம்? தொல்காப்பியர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் காலத்தில் தீப்பெட்டி இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

டீக்கடைகளில் நெடுங்காலமாக நிலைபெற்ற கொள்கை இது: நடுவில் இருப்பவன் கொள்ளையடிக்கிறான், அவனைத் தூக்கிவிட்டால் விலை பாதியாகும். சான்றும் உண்டு. 2021-ல் 600 பெட்டி கொண்ட பண்டலை உற்பத்தியாளர்கள் 270 முதல் 300 ரூபாய்க்குக் கொடுத்துவந்தார்கள். அப்படியானால் பெட்டி 45, 50 காசு. கடையிலோ அப்போது 1 ரூபாய். பாதிக்காசு வழியிலேயே காணாமல் போகிறது! இந்தக் கணக்கைப் போட்ட இரவு இவ்வாய்வாளருக்குத் தூக்கம் வரவில்லை.

எனவே கள ஆய்வு. கோவில்பட்டி சென்று (கடலைமிட்டாய்க்காகத்தான் போனார் என்பது ஆய்வாளரின் மனைவி கொண்டுள்ள மாற்றுக் கருத்து) ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்று, ஒரு தீப்பெட்டி வேண்டும் என்று கேட்கப்பட்டது.

"ஒண்ணா?" என்றார் காவலாளி.

"ஒண்ணுதான்."

"எதுத்தாப்புல கடை இருக்கு பாருங்க சார். அங்கன வாங்கிக்கிடுங்க."

"நீங்க எங்க வாங்குவீங்க?"

"நானும் அங்கனதான்."

இந்தச் சான்றின் கனத்தைத் துறைசார் அறிஞர்கள் உணர்வார்கள் என நம்புகிறோம்.

சரி, பண்டலாகவே வாங்கிவிட்டால்? பெட்டிக்கு 50 குச்சி வீதம் 30,000 குச்சி. அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி, காற்றில் அணைந்தவை எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 5 என்று வைத்தால் 6,000 நாளுக்கு வரும். பதினாறு ஆண்டுக்கு மேல். முதல் ஐப்பசி மழையிலேயே பாதி நமுத்துப்போகும். மீதியைப் பரணில் வைக்க வீட்டில் எவரும் சம்மதிக்கப் போவதில்லை. தபாலில் ஒவ்வொன்றாக வரவழைக்கலாம் என்றால், தீக்குச்சியை அஞ்சலில் அனுப்பத் தடை.

ஒரு பொருளை வாங்குவதற்கு, அதன் விலை போக, ஆளைத் தேடுவது, பேரம் பேசுவது என்று தனிச் செலவு இருக்கிறது என்பதைப் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1937-ல் எழுதினார். 1991-ல் நோபல் கொடுத்தார்கள். கோவில்பட்டி பஸ் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் இவ்வாய்வாளரும் அத்தனை ஆண்டு காத்திருக்கத் தயார். அந்தச் செலவுக்கு எங்கள் தெருவையே எடுத்துக்கொள்வோம்: 40 வீடு. தூத்துக்குடி உப்பு, கோவில்பட்டித் தீப்பெட்டி என்று வீட்டுக்கு 25 ஊர்ச் சரக்கு. நேரில் வாங்கினால் 1,000 போக்குவரத்து. நடுவில் அண்ணாச்சி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததும் 25-ம் 40-ம் 65 ஆகிவிடுகிறது. அந்தப் பாதிக்காசு இந்த ஸ்டூலுக்கும், அதற்கு முந்தைய லாரிக்கும், ஏஜென்ட்டின் குடோனுக்கும் வாடகை.

உழவர் சந்தை இருக்கிறதே என்று மடக்குவார்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. நடுவில் ஆள் இல்லை என்பதே அதன் பெருமை. நியாயம்தான். ஆனால் விடிகாலை மூட்டையைப் பிரித்து, தராசு பிடித்து, கால் கிலோவாக நிறுத்து, கொசுறாகக் கறிவேப்பிலை போடுபவர் யார்? விவசாயி. கடைக்காரரைத்தான் வெளியே அனுப்பினார்கள். கடைக்காரர் வேலை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்த வேலைக்குப் பெயர் உடைத்தல். மொத்தத்தை உடைத்தால் சில்லறை. நோட்டை உடைத்தாலும் சில்லறை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த தமிழன் கடையில் நின்று பழகியவன். இரண்டும் ஒன்றையொன்று விடாது என்பதற்குத் தீப்பெட்டி விலையே சாட்சி. 2007-ல் 50 காசு 1 ரூபாயானது; அதன்பின் 14 ஆண்டு அசையவில்லை; 2021 டிசம்பர் 1 முதல் ஒரேயடியாக 2 ரூபாய். மெழுகும் அட்டையும் இடையிடையே ஏறின. பெட்டி விலை மட்டும் குட்டிக்கரணமாகத்தான் போட்டது. 1 ரூபாய் 15 காசு என்று அச்சடித்தால் மீதி கொடுக்க அண்ணாச்சியின் கல்லாவில் காசு ஏது? 25 காசே 2011-ல் செல்லாமல் போயிற்று. விலையை நிர்ணயிப்பது ஆலை முதலாளி என்று நினைத்திருந்தோம். கல்லாப்பெட்டிக்கும் அதில் ஒரு ஓட்டு இருக்கிறது.

இம்முடிவுகளை எழுதி முடிக்கும்போது மின்சாரம் போனது. வீட்டில் தீப்பெட்டி இல்லை. கையில் 500 ரூபாய் நோட்டு.

"இருக்கட்டும் சார், எழுதிக்கிடுதேன்," என்று அண்ணாச்சி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "போன வாரத் தீப்பெட்டி 2 ரூவா நிக்கி. இதோட 4."